இட்லிப் பொடிக்கு எந்தக் கடை?

ஐந்நூறு ரூபாய்க்குப் பொடி விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்? ஆன்லைன் கடைக்குத் தளம் தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் இரண்டிலும் ஒரே பொடிக் கடையை அமைத்துப் பார்த்தேன்.

ஷாப்பிஃபையில் வேலை சுலபம். மொபைலில் படம் எடுத்து, 100 கிராம், 250 கிராம் என்று பிரித்து விலை போட்டால் கடை தயார். எனக்கு மிகவும் பிடித்தது கூரியர் கட்டண அமைப்பு. பொடி, ஊறுகாய் அனுப்புகிறவர்களுக்கு எடைதான் செலவைத் தீர்மானிக்கிறது. அரைக் கிலோ வரை இவ்வளவு, ஒரு கிலோ வரை இவ்வளவு என்று தளத்திலேயே வகுத்துவிடலாம். சர்வர், பாதுகாப்பு பற்றிய கவலையும் இல்லை.

கணக்குப் போட்டால்தான் உறுத்துகிறது. ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் சேவை இந்தியாவில் கிடையாது. ரேசர்பே போன்ற வெளி கேட்வேயைத்தான் இணைக்க வேண்டும். இணைத்தால், பேசிக் திட்டத்தில் ஆன்லைனில் பணம் கட்டும் ஒவ்வொரு ஆர்டரிலும் ஷாப்பிஃபை 2 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கேட்வேக்குத் தனியாக 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்துக்கொண்டால், 500 ரூபாயில் தளத்துக்குப் பத்து ரூபாய், கேட்வேக்கு 11 ரூபாய் 80 காசு. மாதம் 200 ஆர்டர் வந்தால் தளத்தின் பங்கு மட்டும் 2,000 ரூபாய். மாதச் சந்தா அதற்கு மேல். உளுந்து விலை ஏறினாலே லாபம் கரைந்துவிடுகிற வீட்டுத் தொழிலில் இது பெரிய தொகை.

2011-இல் வந்த வூகாமர்ஸ், வேர்ட்பிரஸ்ஸில் ஓடும் ஓப்பன் சோர்ஸ் பிளகின். விற்பனையில் பங்கு கேட்பதில்லை. டொமைனும் ஹோஸ்டிங்கும் நம் செலவு. கேஷ் ஆன் டெலிவரி அதிலேயே இருக்கிறது. ஆனால் எடைவாரிக் கட்டணம் இல்லை. அதற்கு வேறொரு பிளகின் போட வேண்டும். பிளகின் கூடக் கூட அப்டேட், பேக்கப் வேலையும் கூடுகிறது. அப்டேட்டுக்குப் பிறகு செக்கவுட் பக்கம் திறக்காமல் போனால், அதைச் சரிசெய்கிற வரை வியாபாரம் இல்லை. இதை உட்கார்ந்து பார்க்க வீட்டில் ஒருவர் இருந்தால் வூகாமர்ஸ்தான் என் தேர்வு. பொடி அரைப்பதும் பார்சல் கட்டுவதும் ஒரே ஆள் என்றால் அந்த 2 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு ஷாப்பிஃபையில் இருக்கலாம்.

வாரத்துக்குப் பத்து ஆர்டர்தான் வருகிறது என்றால் இரண்டுமே இப்போது வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கும் யுபிஐ க்யூஆரும் போதும், இரண்டும் இலவசம்.

எந்தத் தளமானாலும் டெலிவரிப் பகுதியை முதலில் தமிழ்நாட்டுக்குள் நிறுத்துங்கள். வெளிமாநிலத்துக்குப் பொடி விற்க, விற்பனை எவ்வளவு சிறியதானாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு எண் வந்த பிறகு பெங்களூரையும் மும்பையையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு தளத்திலும் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் வசதி இருக்கிறது.