பார்த்தது கேமரா, கண்டது யார்?

பாயல் கபாடியாவின் 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்' படத்தை ஆறேழு தடவை பார்த்திருப்பேன். அதில் இரண்டு தடவை பார்க்கவே இல்லை. லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன், அவ்வளவுதான். தன் கடிதங்களைப் படித்துக்காட்டும் எல் என்ற அந்தப் பெண்ணின் குரலுக்காக. ஹாஸ்டலில் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவள் விழித்துவிடக் கூடாதே என்று போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரியான குரல். பேசியவர் பூமிசுதா தாஸ். மொழி எனக்கு அரைகுறைதான். சப்டைட்டில் இல்லாவிட்டால் பாதி போய்விடும். போகட்டும். வாக்கியம் முடிகிற இடத்தில் அவர் குரலை இறக்கி வைக்கிறாரே, நிறைகுடத்தைத் திண்ணையில் சத்தம் வராமல் வைப்பதுபோல, அதற்குச் சப்டைட்டில் வேண்டாம்.

2021-இல் கான் விழாவில் அந்தப் படத்துக்குத் தந்த விருதின் பெயர் 'தங்கக் கண்'. என்னைக் கேட்டிருந்தால் காதுக்குத்தான் கொடுத்திருப்பேன்.

ராசிபுரத்தில் இதையெல்லாம் பேச எனக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். மூவருக்கும் என் ரசனை மேல் மரியாதை கிடையாது. ஒருவர் கிறிஸ்டியன் மார்க்லேயின் 'தி கிளாக்' கட்சி. நூறாண்டு சினிமாவில் கடிகாரம் தலைகாட்டும் துண்டுகளையெல்லாம் பொறுக்கி, இருபத்து நாலு மணி நேரத்துக்கு, நிஜக் கடிகாரத்தோடு நிமிஷம் பிசகாமல் ஓட விட்ட வேலை. 2011-இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதில் நேரம் இருக்கிறது, காலம் இல்லை என்பது என் கட்சி. மணி என்ன என்று தெரிந்துகொள்ள பஸ் ஸ்டாண்டு கடிகாரம் போதும். அது ஓடாத நாளில் டீக்கடைக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

இரண்டாமவர் ஓட்டோலித் குழுவின் ஆள். அவரோடு மோதுவதுதான் சிரமம், ஏனென்றால் 'ஓட்டோலித் 1' எனக்கும் பிடிக்கும். காதுக்குள் இருக்கிற கல்லின் பெயரைத் தாங்கிய படம் எனக்குப் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். அஞ்சலிகா சாகரும் கோட்வோ எஷூனும் 2003-இல் எடுத்தது. கதை சொல்பவள் 2103-இல், விண்வெளியில் வாழ்கிறவள். எடையற்ற வெளியிலேயே தலைமுறைகள் கழிந்து, காதுக் கல் செயலிழந்து, பூமியில் கால் ஊன்றவே முடியாமல் போன ஒருத்தி. நூறாண்டுக்கு முந்தைய ஊர்வலங்களை, ஈராக் போரை எதிர்த்து 2003 பிப்ரவரியில் லண்டன் தெருவில் இறங்கிய கூட்டத்தை, தன் முன்னோர்களின் படச்சுருள்களை வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று படிக்கிறாள். சாகரின் நிஜப் பாட்டி அனசூயா கியான்சந்த், விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலண்டினா தெரஷ்கோவாவைச் சந்தித்தவர். அவரும் அந்தப் படத்துக்குள் வருகிறார். பாட்டியின் காலத்தைப் பேத்தியின் பேத்தி பார்க்கிறாள். அழகான ஏற்பாடு.

ஆனால் அவள் நிற்கும் இடத்திலிருந்து எல்லாம் தெரிகிறது. போர் நடந்தது, ஊர்வலம் தோற்றது என்று அவளுக்குத் தெரியும். எல்லுக்கு நாளைக்கு என்ன என்பதே தெரியாது. அவள் படிக்கும் புனே திரைப்படக் கல்லூரியின் மாணவர்கள் 2015 ஜூன் 12-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 139 நாள் ஓடியது என்று நமக்குத் தெரியும், இயக்குநருக்கும் தெரியும். பத்தாவது நாள் கடிதத்தில் எல்லுக்கு அது பத்தாவது நாள் மட்டும்தான். முடிவு தெரிந்தவர்கள் கோத்த காட்சிகளை முடிவு தெரியாத ஒருத்தி படித்துக்காட்டுகிறாள். அந்தத் தலைப்பை நான் அப்படித்தான் படிக்கிறேன். ஒன்றும் அறியாத இரவு அவளுடையது. விடிந்தபின் பார்க்கிற நமக்குத்தான் உறுத்துகிறது.

மூன்றாமவர் ஏ.கே. செட்டியார் பக்தர். அவர் கட்சிக்குப் பெரிய வீட்டுக் கௌரவம் உண்டு. 1937 அக்டோபர் 2-ஆம் தேதி அட்லாண்டிக் கடலில், கப்பலில், காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு கோட்டையூர்க்காரருக்குத் தோன்றுகிறது. எடுப்பதற்கு என்ன இருக்கிறது, எல்லாம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. தேடிப் போனார். கிட்டத்தட்ட 50,000 அடி பிலிம் சேர்த்து, 12,000 அடியாக்கி, 1940 ஆகஸ்ட் 23-இல் சென்னையில் வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்காரர்கள் முப்பதாண்டுகளில் எடுத்தது அது; ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். நம் நண்பர் இதைச் சொல்லிவிட்டு, "அவர் தேடினார், கோத்தார், வாயை மூடிக்கொண்டார். உங்க ஆள் நிஜப் படத்து மேல பொய்க் கடிதத்த ஒட்டறாங்க. அதுதானுங்க வித்தியாசம்" என்பார்.

கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஹாஸ்டல் அலமாரியில் கிடைத்த கடிதங்கள் என்று படம் சொல்வது கற்பனைதான். எல்லும் இல்லை, அவள் எழுதுகிற கேயும் இல்லை. ஆனால் செட்டியாருக்குக் கற்பனை தேவைப்படாததற்குக் காரணம் உண்டு. அவருடைய படத்தில் காந்தி இருந்தார். அவர் நடந்து வந்தால் போதும், யார் எடுத்த துண்டும் தன்னால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தி இல்லாத காட்சிகளை என்ன செய்வது? எடுத்தவர் என்று யாருமே இல்லாத காட்சிகளை?

சி.சி.டி.வி-யைத்தான் சொல்கிறேன். படத்தில் ஜாமியா மில்லியா பல்கலைக்கழக நூலகத்துக் காட்சி வருகிறதே, 2019 டிசம்பரில் போலீஸார் உள்ளே புகுந்து அடித்தது, அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு கலங்கும். அடி மட்டும் காரணமில்லை. கேமரா அசையவே இல்லை. மனிதன் கையில் பிடித்திருந்தால் பயந்து நடுங்கும், இல்லை கோபத்தில் கிட்டே போகும், கொஞ்சம் வெட்கமிருந்தால் தலையையாவது குனியும். அது சுவர் மூலையிலிருந்து, காலி நாற்காலிகளைப் பார்த்த அதே முகத்தோடு, இதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்த்தது கேமரா. கண்டது யார்?

எங்கள் ஜில்லாக்காரனுக்கு இந்தக் கேள்வி ஏட்டில் படித்ததல்ல. புனேயில் வேலைநிறுத்தம் தொடங்கிப் பதினோரு நாள் கழித்து, 2015 ஜூன் 23-இல், ராசிபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே இருக்கிற திருச்செங்கோட்டில், மலைக்கோயிலுக்கு வந்த கோகுல்ராஜைக் கடத்திப்போய்க் கொன்றார்கள். வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததுதான் குற்றம். கோயில் கேமராவில் பதிந்த காட்சி வழக்கில் பெரிய சாட்சியாக நின்றது. 2022-இல் ஆயுள் தண்டனை வந்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2023 தொடக்கத்தில் நேரிலேயே கோயிலுக்கு வந்து, எந்தக் கேமரா எங்கே இருந்தது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அந்தக் காட்சி பதிந்து ஏழரை வருஷம் கழித்து, கேமரா நின்ற இடத்தில் கடைசியில் மனிதக் கண் வந்து நிற்கிறது.

நீதிமன்றத்தில் அதை நீதிபதி செய்தார். கலையில் அதை எல் செய்கிறாள். அவள் கடிதம் எழுதுவது கேவுக்கு. ஊருக்குப் போன கே திரும்பவில்லை, வீட்டார் விடவில்லை, காரணம் சாதி. கல்லூரியில் நடப்பது எதையும் பார்க்க முடியாத ஒருவனுக்கு அவள் பார்த்துச் சொல்கிறாள். நூலகத்துக் காட்சிக்கு முன்னும் பின்னும் அந்தக் குரல் இருப்பதால்தான் ஆளில்லாத கண்ணுக்கு ஓர் ஆள் வருகிறது. காவலுக்கு நிற்கிற பெண் போலீஸைப் பற்றிக்கூட அவளால் யோசிக்க முடிகிறது. சுவர்க் கேமராவால் அது முடியுமா? பொய்க் கடிதம் என்று நண்பர் சொல்வதை நான் மறுப்பதில்லை. கேட்பதற்கு ஒருவன் வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய் அது.

எடுத்த காட்சியை மறுபடி எடுத்துப் பார்ப்பது பாயல் வீட்டுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாயலின் அம்மா நளினி மலானி 1969-இல், பம்பாயில் அக்பர் பதம்ஸீ நடத்திய பட்டறையில், வண்ண வண்ணமாய் வீடுகள் மிதக்கும் ஒரு சின்ன 8 எம்.எம். படம் செய்தார். ஏழு வருஷம் கழித்து, 1976-இல், பம்பாயைப் பார்த்து நிற்கும் ஒரு பெண்ணைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, இரண்டையும் பக்கம் பக்கமாக ஓட விட்டார். 'யுடோபியா' என்று பெயர். தன் சொந்தப் பழைய படத்தையே தெருவில் கண்டெடுத்ததுபோல் எடுத்துப் பார்க்கிற தைரியம் அது. கனவு கண்டவளும் அவர்தான், ஏழு வருஷம் கழித்து ஜன்னலில் நிற்பவளும் ஒருவகையில் அவர்தான். மகள் கடிதம் எழுதத் தொடங்கியது அந்த ஜன்னலருகில்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

குறை சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. சமீபத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முந்தைய நாள் எடுத்த நிச்சயதார்த்த வீடியோவைப் போட்டார்கள். படம் முழுக்கக் கீறல், தூசி, ஓரத்தில் ரீல் ஓட்டை, புரொஜக்டர் சத்தம் வேறு. எல்லாம் ஃபில்டர். நேற்று நடந்ததற்கு ஐம்பது வருஷத்துக் கீறல். கீறல் என்றால் எத்தனை ஊர் ஓடியது, எந்த ஆபரேட்டர் அவசரத்தில் ஒட்டினார், எந்தப் பெட்டியில் வியர்த்தது என்பதற்கான கணக்குப் புத்தகம். கணக்கே இல்லாமல் புத்தகத்தை மட்டும் அச்சடித்து விற்கிறார்கள். அசல் கீறல்களை வைத்துக் காப்பாற்றினோமா என்றால் அதுவும் இல்லை. 1935-இல் தொடங்கி இந்தப் பக்கத்துக்கே சினிமாத் தலைநகராக இருந்த சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று போய்ப் பார்த்தால் ஏற்காடு ரோட்டில் நுழைவு வளைவு நிற்கிறது. வாசல் மட்டும்.

பாயல் படத்திலும் பொரிப்பொரியாகப் பழசுச் சாயல் இருக்கிறதே என்று மூன்று பேரும் சேர்ந்து மடக்குவார்கள். இருக்கிறது. அங்கே அது தேதியை அழிக்கிறது. யாரோ ஒரு குடும்பத்துப் பழைய விசேஷமும் நேற்றைய ஊர்வலமும் ஒரே நிறத்தில் வரும்போது, இது எந்த வருஷம் என்ற கேள்வி பயமாக மாறுகிறது: இன்னும் இதேதான் நடக்கிறதா? மண்டபத்தில் அது அலங்காரம். முழுசாக ஜெயித்துவிட்ட பதில் இல்லை என்று எனக்கே தெரியும். ஆறாவது தடவை பார்த்தபோது ஓரிரு இடங்களில் சாயல் கொஞ்சம் கூடிவிட்டதோ என்று எனக்கும் பட்டது. நண்பர்களிடம் சொல்லவில்லை.

பிலிம் துண்டு என்றால் எனக்கு எங்கள் பெரியப்பா வீட்டு முன்னறைதான். தியேட்டரில் ரீல் அறுந்து ஒட்டும்போது ஆபரேட்டர் வெட்டிப் போடுகிற துண்டுகள் பள்ளிக்கூட வாசலில் மிட்டாய்க்காரரிடம் வந்துவிடும். எம்.ஜி.ஆர். முகம் இருந்தால் ஒரு விலை, வெறும் மரம் மட்டை என்றால் ஒரு விலை. ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியை நோண்டி, தண்ணீர் நிரப்பினால் லென்ஸ். அட்டையில் கீறிச் சொருகிய துண்டைத் தலைகீழாக நிறுத்த வேண்டும். ஜன்னலை மூடி ஒரு ஓட்டை மட்டும் விட்டு, வெளியே வெயிலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். எதிர்ச் சுவரில் பெரியப்பாவின் வேட்டி. எந்தப் படத்துத் துண்டோ, அடுத்தது எந்தப் படத்துத் துண்டோ, அசையாமல் நிற்கும். கதையை நாங்கள் சொல்வோம். ஒரு படத்து ராஜா கதவைத் திறந்தால் இன்னொரு படத்து ரயில் உள்ளே வரும்.

கொஞ்ச நேரத்தில் படம் வேட்டியிலிருந்து நழுவிச் சுவருக்குப் போகும். சூரியன் நகர்கிறது. "அண்ணா, கண்ணாடியச் சாய்!" என்று உள்ளேயிருந்து கத்துவோம். அவன் சாய்ப்பான். ராஜா திரும்பி வருவார். காலம் நகர்வதை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அந்த வேட்டியில்.

கண்ணாடி பிடித்தது பெரியப்பா மகன், எங்களில் மூத்தவன், கை நடுங்காதவன் என்பதால் எப்போதும் அவன்தான். ஆகவே எப்போதும் வெளியேதான். "டேய், என்னடா ஓடுது? சொல்லுங்கடா!" என்று ஓட்டை வழியாகக் கேட்டுக்கொண்டே இருப்பான். நாங்கள் சொல்வோம், பாதி நிஜம், பாதி புளுகு. அவன் இப்போது ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றுவிட்டான். போன மாதம் பார்த்தபோது பேச்சு அங்கே போனது. ராஜா கதவைத் திறந்ததும் ரயில் வந்ததும் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அவன் ரயிலில் எத்தனை பெட்டி என்று சொன்னான்.

அந்த ரயிலை அவன் பார்த்ததே இல்லை.