வென்டிலேட்டர் நோயாளிக்குப் பல் துலக்குவது யார்?

2023 டிசம்பரில் எங்கள் நர்ஸ்கள் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. ஐசியூவில் தினமும் பல் துலக்கிவிட்டால் நிமோனியா குறைகிறது, இறப்பும் குறைகிறது என்று ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு. ஒரே நாளில் நாலு பேர் எனக்குத் தனியாகவும் அனுப்பிவிட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஒன்பது வருஷம் ஐசியூவில் டூட்டி பார்த்த கை இது. நாம செய்த வேலைக்கு மதிப்பு இருக்குன்னு யாராவது சொன்னால் கசக்குமா?

அந்தச் சந்தோஷம்தான் உறுத்தியது. பிடித்த முடிவைச் சொல்லும் ஆய்வைத்தான் கூடுதல் சந்தேகத்தோடு படிக்கணும்னு என் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அதனால் முழுக் கட்டுரையையும், அதற்கு முன்னால் வந்தவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐசியூ பார்க்காதவர்களுக்கு முதலில் கொஞ்சம். வென்டிலேட்டரில் இருப்பவரின் வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் போகும். வாய் திறந்தே கிடக்கும், காய்ந்துபோகும். மென்று விழுங்க முடியாததால் எச்சில் தொண்டையில் தேங்கும். ஓரிரு நாளில் பல்லில் படியும் அழுக்கில் ஆஸ்பத்திரிக் கிருமிகள் குடியேறிவிடும். டியூபைச் சுற்றி ஊதிவைத்த பலூன் முழுமையான அடைப்பு இல்லை. அதன் ஓரமாகத் துளித்துளியாகக் கசிவு நுரையீரலுக்கு இறங்கும். வென்டிலேட்டர் நிமோனியா பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

ஆகவே வாயைச் சுத்தமாக வைக்கணும் என்பதில் சண்டை இல்லை. எதை வைத்து என்பதில்தான் இருபத்தைந்து வருஷச் சண்டை.

முதலில் ஜெயித்தது குளோர்ஹெக்சிடின், அந்த மவுத்வாஷ். 1996-ல் இதய அறுவைசிகிச்சை நோயாளிகள் 353 பேரிடம் நடந்த ஒரு ஆய்வில், இதைப் பயன்படுத்தியவர்களுக்குச் சுவாசத் தொற்று 69 சதவீதம் குறைந்தது. நல்ல ஆய்வுதான், போலி மருந்தோடு ஒப்பிட்டது. ஆனால் இதய அறுவைசிகிச்சை முடிந்தவருக்குப் பெரும்பாலும் சீக்கிரமே டியூபை எடுத்துவிடுவார்கள். பத்து நாள் டியூபோடு கிடக்கும் விஷம் குடித்தவரும் தலைக்காயக்காரரும் வேறு ரகம். அந்த வித்தியாசம் வழியில் எங்கோ தொலைந்துபோனது. 2010-ல் அமெரிக்காவின் ஐஎச்ஐ அமைப்பு தன் வென்டிலேட்டர் விதித்தொகுப்பில் குளோர்ஹெக்சிடினைச் சேர்த்தது. அப்புறம் உலகம் முழுக்க சார்ட்டில் அதற்கென்று ஒரு கட்டம் வந்தது. எங்கள் வார்டிலும் வந்தது.

இந்தக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். பஞ்சை மருந்தில் நனைத்து வாயைச் சுற்றித் துடைக்க ஒரு நிமிஷம் போதும். டிக் போட அரை நொடி. ஆடிட் வருகிறவருக்கும் எண்ண வசதி. எண்ண வசதியான வேலை விதியாகிவிடும், எண்ண முடியாத வேலை 'நேரம் கிடைத்தால்' ஆகிவிடும். நான் வேலை பார்த்த இடத்தில் பிரஷ் இருந்தது. அலமாரியில், பிரிக்காத பாக்கெட்டில்.

2014-ல் காற்று திரும்பியது. மைக்கேல் குளோம்பாஸும் சகாக்களும் 16 ஆய்வுகளை, 3,630 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இதய அறுவைசிகிச்சைக்காரர்களுக்குப் பலன் தெரிந்தது. மற்றவர்களிடம், யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை மறைத்துச் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் நிமோனியாவில் உறுதியான வித்தியாசம் இல்லை. இறப்பு விகிதம் வேறு லேசாகக் கூடுகிற பக்கம் சாய்ந்திருந்தது. அதே ஆண்டு பிஎம்ஜே இதழில் வந்த இன்னொரு தொகுப்பும் இறப்புக்கான ஆட்ஸ் விகிதம் 1.25 என்றது. மருந்து நுரையீரலுக்குள் இறங்கிப் புண்ணாக்குகிறதா, வாயில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்கிறதா என்று ஊகங்கள் ஓடின. 2018-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரிலிருந்து 82,274 நோயாளிகளின் பதிவேட்டை அலசிய கட்டுரை வந்தபோது பலரும் பயந்தேவிட்டார்கள். ஆனால் அந்தக் கட்டுரையிலேயே, ஐசியூ நோயாளிகளிடம் அந்தக் கெடுதல் தென்படவில்லை என்று இருந்தது. தலைப்பைத் தாண்டிப் படித்தவர்கள் கம்மி.

கடைசியில் கேள்வியை நேராகக் கேட்டது டொராண்டோவில் நடந்த கோரல் ஆய்வு. நடத்தியவர் கிரெய்க் டேல், தொழிலால் நர்ஸ். ஆறு ஐசியூக்கள், 3,260 நோயாளிகள். ஒவ்வொரு ஐசியூவாகக் குளோர்ஹெக்சிடினை நிறுத்திவிட்டு, பல் துலக்குதல் உள்ளிட்ட முறையான வாய்ப் பராமரிப்பைக் கொண்டுவந்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை, தொற்றிலும் இல்லை. மருந்து உயிரைக் காக்கவில்லை, நிறுத்தியது உயிரை எடுக்கவும் இல்லை. 2022-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் குளோர்ஹெக்சிடினைப் பொதுவாகப் பரிந்துரைக்காதவை வரிசைக்குத் தள்ளி, பல் துலக்குதலை அத்தியாவசியம் ஆக்கிவிட்டது.

இனி டூத்பிரஷ் கட்டுரை. எழுதியவர்கள் செலினா எஹ்ரன்செல்லரும் அதே குளோம்பாஸும். 15 ஆய்வுகள், 10,742 நோயாளிகள். ஆஸ்பத்திரி நிமோனியாவுக்கான அபாய விகிதம் 0.67. ஐசியூ இறப்புக்கு 0.81. கேட்கவே நல்லா இருக்கு.

ஆனால் அந்தப் பத்தாயிரத்தில் 8,709 பேர் ஐசியூவிலேயே இல்லாதவர்கள், எல்லாரும் ஒரே ஒரு ஆய்வைச் சேர்ந்தவர்கள். அது வார்டு வார்டாகப் பிரித்துச் செய்தது என்பதால், கணக்குப்படி திருத்தினால் மொத்த எண்ணிக்கையே 2,786-க்கு இறங்கிவிடுகிறது. இதைக் கட்டுரையே ஒளிக்காமல் சொல்கிறது, ஃபார்வர்டு செய்தியில்தான் இல்லை. ஐசியூ ஆய்வுகள் பதினாலும் சேர்ந்து 2,033 பேர். சராசரியாக ஒரு ஆய்வுக்கு 145 பேர். இன்னொன்று, பல் துலக்குவதை மறைத்துச் செய்ய முடியாது. யாருக்குத் துலக்கினோம் என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும். நிமோனியா இருக்கா இல்லையா என்பதோ எக்ஸ்ரேயில் ஒரு நிழலைப் பார்த்து ஒருவர் எடுக்கும் முடிவு. நம்பிக்கை அந்த முடிவுக்குள் நுழைய எவ்வளவு நேரம் ஆகும்? (இறப்பு அப்படி இல்லை, அதில் கருத்துக்கு இடமில்லை. அதனால்தான் 0.81-ஐ என்னால் தூக்கியெறிய முடியவில்லை.)

தனி ஆய்வுகளுக்குள் போனால் இன்னும் சங்கடம். ஸ்பெயினில் 2012-ல் 436 பேரிடம் செய்தது: எல்லாருக்கும் குளோர்ஹெக்சிடின், பாதிப் பேருக்கு மட்டும் பிரஷும். நிமோனியா வந்தது துலக்கியவர்களில் 9.7 சதவீதம், துலக்காதவர்களில் 11. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. நர்சிங் பேராசிரியர் சிண்டி மன்றோவின் குழு 2009-ல் 547 பேரைச் சேர்த்து மருந்தையும் பிரஷையும் தனித்தனியாகச் சோதித்தது. தொடக்கத்தில் நிமோனியா இல்லாதவர்களிடம் மருந்துக்குப் பலன் தெரிந்தது, பிரஷுக்கு எந்தப் பலனும் இல்லை! இன்று நாம் நம்புவதற்கு நேர் எதிர். அந்த ஆய்வில் மூன்றாம் நாள் வரை எஞ்சியவர்கள் சேர்ந்தவர்களில் பாதிகூட இல்லை என்பதையும் சொல்லிவிடணும்.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தபோது எனக்குப் பெரிதாகத் தோன்றிய குறை வேறு. எந்த மருந்து, எத்தனை சதவீதம், நாளுக்கு எத்தனை முறை என்று விலாவாரியாக எழுதுகிறார்கள். துலக்கியது யார், எத்தனை நிமிஷம், அந்த ஷிஃப்டில் அவருக்கு எத்தனை நோயாளிகள் என்பதைத் தேடித் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது, பல சமயம் கிடைப்பதே இல்லை. டியூப் ஒரு கடைவாயில் கட்டியிருக்கும். அதை நகராமல் ஒரு கையால் பிடிக்கணும். மறு கையில் பிரஷ். சக்ஷனை யார் பிடிப்பது? ஆள் கடித்துக்கொண்டால்? பிளேட்லெட் குறைந்து ஈறு கசிந்தால்? ஒழுங்காகச் செய்தால் பத்து நிமிஷம், சமயத்தில் ரெண்டு பேர். மூணு வென்டிலேட்டர் ஒருத்தி தலையில் இருக்கும் ராத்திரியில் அந்தப் பத்து நிமிஷம் எதிலிருந்து வெட்டி எடுக்கப்படும்? ஆய்வுக்குழு நிற்கும்போது கிடைக்கும் கை, அவர்கள் போனபிறகு கிடைக்காது. 0.81 என்பது பிரஷின் பலனா, நாளுக்கு ரெண்டு தடவை ஒருத்தர் பக்கத்தில் நின்று வாயையும் டியூபையும் தலைமாட்டு உயரத்தையும் பார்த்ததன் பலனா? இந்த எண்களை வைத்துப் பிரிக்க முடியாது.

அதனால்தான் எனக்கு டேலின் ஆய்வு மற்றதைவிட ஒரு படி மேலாகப் படுகிறது. இறப்பு, தொற்று ரெண்டிலும் வெறுங்கையோடு திரும்பினாலும், அவர்கள் வாயையே ஒரு முடிவாக வைத்து மதிப்பெண் போட்டார்கள். உதடு, நாக்கு, ஈறு, எச்சில். அந்த மதிப்பெண் தேறியது. நிமோனியாவைக் குறைத்துக் காட்டினால்தான் ஒருவர் வாயைச் சுத்தம் செய்வோம் என்று நிற்பது எனக்கு ஒப்பவில்லை. டியூப் எடுத்த மறுநாள் ஒரு பெரியவர் என்னிடம் முதலில் கேட்டது வீட்டு ஆட்களை இல்லை. "வாயெல்லாம் நாறுதும்மா, கொப்பளிக்கத் தண்ணி தா" என்றார். என் சார்ட்டில் பன்னிரண்டு நாளும் டிக் இருந்தது.

இப்போது உறவினர்கள் யாராவது என்ன வாங்கி வரணும் என்று கேட்டால், குழந்தைகளுக்கான சின்னத் தலை வைத்த மென்மையான பிரஷ் ஒன்று வாங்கி ஸ்டாஃபிடம் கொடுங்கள் என்கிறேன். நீங்களே தேய்க்கக் கூடாது, டியூப் நகர்ந்தால் ஆபத்து. கொடுத்துவிட்டு, "சிஸ்டர், இன்னைக்குப் பல்லு தேய்ச்சாச்சா?" என்று மட்டும் கேளுங்கள். அந்தச் சிஸ்டருக்கு அன்று எத்தனை நோயாளிகள் என்பதையும் சேர்த்துக் கேட்டால், அடுத்த கேள்வியை நர்ஸிங் சூப்பரின்டெண்டென்டிடம் கேட்க வேண்டிவரும்.