கேப்பிட்டல் ரேடியோ: 95.8இல் தொலைந்த ஊர்

மேற்படிப்புக்காக லண்டன் வந்த புதிதில் இந்த நகரத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது 95.8 பண்பலை. காலையில் கிறிஸ் டாரண்ட் பேசுவார். 'பறக்கும் கண்' என்று பெயரிட்ட விமானத்திலிருந்து இன்னொருவர், எந்தச் சாலையில் வண்டிகள் தேங்கி நிற்கின்றன என்பார். நான் பார்த்திராத சாலைகள். ஆனாலும் பெயர்கள் காதில் பழகிவிட்டன. பிறகு நேரில் அந்த வழியே போனபோது, தெரிந்தவர் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

கேப்பிட்டல் ரேடியோவின் வரலாறு பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் சொல்லப்படுகிறது: முதலில் பொற்காலம், பிறகு பெருநிறுவனங்கள் வந்து கெடுத்தன. இது பாதிக் கதை. மீதிப் பாதியில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

கடலில் கப்பல் கட்டி நிறுத்திப் பாட்டுப் போட்டவர்களை 1967இல் ஒரு சட்டம் அடக்கியது. 1972இல் வந்த இன்னொரு சட்டம் வணிக வானொலிக்குக் கதவைத் திறந்தது. 1973 அக்டோபர் 8இல் எல்பிசி, 16இல் கேப்பிட்டல். தலைவர், பின்னாளில் 'காந்தி' எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோ. ஆனால் கடிவாளம் ஐபிஏ என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில் இருந்தது. ஒலிபரப்புக் கோபுரங்கள்கூட ஆணையத்துக்கே சொந்தம். நிலையங்கள் வாடகை கட்டின. ஒரு நாளில் எவ்வளவு நேரம் இசைத்தட்டு போடலாம் என்பதற்கும் வரம்பு இருந்தது.

அந்தக் கெடுபிடியில்தான் நாம் இன்று ஏக்கத்தோடு பேசும் பலவும் பிறந்தன. செய்தி, நாடகம், கேட்பவர் துயரம் கேட்கும் உதவி எண், அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடுவோருக்கான பட்டியல், ரென் இசைக்குழு என்று நிலையம் ஊரோடு ஒட்டிக்கிடந்தது. முதலாளிகளின் பெருந்தன்மை மட்டும் இதற்குக் காரணமல்ல. உரிமத்தின் நிபந்தனைகளும் அந்தத் திசையில் தள்ளின.

அதைப் பொற்காலம் என்றும் சொல்லிவிட முடியாது. 1975இல் கென்னி எவரெட், வெளிவராத 'பொஹீமியன் ராப்சோடி'யை ஒரே வார இறுதியில் 14 முறை ஒலிக்கவிட்டார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். இரண்டே ஆண்டில் கிளாஷ் குழு 'கேப்பிட்டல் ரேடியோ' என்றே பெயரிட்டு, இந்த நிலையத்தின் பயந்த ரசனையைத் திட்டி ஒரு பாட்டு வெளியிட்டதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நகரத்தின் எல்லா இசைக்கும் அங்கே இடம் இருந்திருந்தால், 1985இல் கிஸ் போன்ற திருட்டு நிலையங்களுக்குத் தேவையே இருந்திருக்காது. கிஸ் உரிமம் பெற்று வெளிச்சத்துக்கு வர 1990 ஆயிற்று.

அதே 1990இன் ஒலிபரப்புச் சட்டம் ஐபிஏவைக் கலைத்தது. கடிவாளம் தளர்ந்தது. 2005இல் ஓர் இணைப்பு, 2008இல் குளோபல் நிறுவனத்தின் கையகப்படுத்தல். 2011 ஜனவரி 3 முதல் கேப்பிட்டல் என்பது நாடெங்கும் பரவிய வலையமைப்பின் பெயர். 2018இல் ஆஃப்காம் உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கான விதியை மேலும் தளர்த்தியது. மறு ஆண்டே ஊருக்கு ஊர் இருந்த காலை நிகழ்ச்சிகள் போய், லெஸ்டர் சதுக்கத்திலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சி வந்தது. லண்டன்காரருக்கு இதில் இழப்பில்லை என்று தோன்றும். உண்டு. கிளாஸ்கோவில் கேட்பவரிடமும் பேச வேண்டியவர், நம் தெருமுனை நெரிசலைப் பற்றி எப்படிப் பேசுவார்?

இதைச் செய்தவர்களைத் திட்ட என் நா எழவில்லை. ஐந்து ஊர்களில் ஓடும் சர்வர்களை ஓரிடத்துக்குக் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. ஒரே வேலையை ஐந்து பேர் செய்கிறார்கள், செலவு குறையும், தரம் சீராகும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் அந்த ஊர் அலுவலகத்தில் எவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று எழுத என் அட்டவணையில் கட்டமே கிடையாது. வானொலியிலும் இதுதான் நடந்தது. ஊர் என்பது சந்தை தானாகத் தரும் பொருளல்ல. யாரோ நிபந்தனை போட்டதால் இருந்தது. நிபந்தனை போனதும் போயிற்று.

நம் தமிழ் இணைய வானொலிகளைக் கேட்கும்போது இது நினைவுக்கு வருகிறது. உலகத் தமிழர் அனைவருக்கும் வணக்கம் சொல்கிறோம். ஹாரோவில் இன்று எந்தப் பேருந்து ஓடவில்லை, புதிதாக வந்த பிள்ளைக்கு எங்கே அறை கிடைக்கும் என்று எத்தனை நிலையங்கள் சொல்கின்றன? நம்மை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆகவே அந்த நிபந்தனையை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். சாலைகளின் பெயரைச் சொல்லுங்கள். நேற்று வந்திறங்கிய ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்.