குமிழியை நம்பலாமா?

கடலில் நுண்ணுயிரிகள் நைட்ரஜன் வாயுவை உயிர்களுக்குப் பயன்படும் சேர்மமாக மாற்றுவதை, அதாவது நைட்ரஜன் நிலைப்படுத்தலை, அளக்கும் குமிழி முறை எளிமையானது. கடல்நீரைப் போத்தலில் முட்ட நிரப்பி மூடி, கனத்த நைட்ரஜன்-15 அணுக்களாலான வாயுவை ஊசியால் ஒரு குமிழியாகச் செலுத்துவார்கள். ஒரு நாள் கழித்து நீரை வடிகட்டி, நுண்ணுயிரிகளின் உடலில் அந்தக் கனத்த அணு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். முந்தைய அசிட்டிலீன் முறை, நிலைப்படுத்தலைச் செய்யும் நொதியின் வேகத்தை மறைமுகமாகத்தான் சொன்னது. இதுவோ நைட்ரஜனையே பின்தொடர்கிறது. ஆடுகிற கப்பலிலும் செய்யலாம். பல கடல்களின் எண்களை ஒப்பிட முடிந்ததும் இதனால்தான்.

கோளாறும் குமிழியில்தான். வாயு மெல்லவே கரைகிறது. உடனே கரைந்துவிட்டதாகக் கணக்கிட்டால் விடை குறைந்துவிடும். 2010இல் மோர் குழு இதைக் காட்டியது. 2012இல் குரோஸ்கோஃப் குழு உலகக் கடல்களின் ஆண்டு நிலைப்படுத்தல் மதிப்பை 10.3 கோடி டன்னிலிருந்து 17.7 கோடி டன்னாக உயர்த்தியது. பழைய எண்களை ஒரே காரணியால் பெருக்கிச் சரிசெய்யவும் முடியாது. டிரைக்கோடெஸ்மியம் என்ற நிலைப்படுத்தும் சயனோபாக்டீரியா மிதந்து குமிழியருகே போய்விடும். அதன் கணக்கில் பிழை குறைவு. மிதக்காத ஒற்றைச்செல் உயிரிகளுக்குப் பிழை அதிகம். குளிர்ந்த கரையோரங்களிலும் வாழும் யுசிஒய்என்-ஏ (2024இல் ஒரு பாசியின் செல் உறுப்பாகவே அடையாளம் காணப்பட்டது) இந்த இரண்டாம் வகை. அளவுகோலே ஆள் பார்த்து அளந்திருக்கிறது! போதாததற்கு, விற்பனைக்கு வந்த சில வாயுச் சிலிண்டர்களில் அம்மோனியம் கலந்திருந்ததை 2014இல் கண்டுபிடித்தார்கள். அது விடையைப் பொய்யாகக் கூட்டும்; நிலைப்படுத்தல் குறைவான நீரில்தான் அந்தப் பொய் பெரிதாகத் தெரியும்.

இவற்றைவிடப் பெரிய குறை நாட்காட்டியில் இருக்கிறது என்பேன். வெப்பமான, சத்துக் குறைந்த கடலில்தான் நைட்ரஜன் நிலைப்படுத்தல் நடக்கும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். குளிர்ந்த மேற்கு ஆங்கிலக் கால்வாயில் அது நடப்பதை 2009இல் ரீஸ் குழு எழுதிய பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பருவத்துக்குப் பருவம் மாறும் அத்தகைய கடலில், சில நாள் அளவீட்டை ஆண்டுக்கு நீட்டுவது ஊகமே.

எங்கள் ஊர்ப் பக்கமும் இதே சிக்கல்தான். மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பத்து மாவுங்கில் உள்ள மீன்வள ஆராய்ச்சிக் கழகம் பார்த்திருக்கும் நீரில் குளிர்காலம் இல்லை. ஆனால் ஜனவரி வறட்சிக்கும் அக்டோபர் மழைக்கும் நடுவே நீரின் உப்பும் கலங்கலும் மாறும். சேற்றிலும் கடற்புல் வேரிலும் வாழும் நிலைப்படுத்தும் பாக்டீரியாக்களை மேல்நீர்ப் போத்தல் பார்ப்பதே இல்லை. இங்கே அளப்பதானால் வாயுவை முன்கூட்டியே கரைத்த நீர், சோதித்த சிலிண்டர், இரு பருவ மாதிரிகள், கூடவே சேற்று மாதிரி என்று கேட்பேன். செலவு கூடும்தான். மலிவான ஒற்றை எண்ணைவிட அது மேல்.