கொலுசின் பேச்சு

ஆடிப் பதினெட்டன்று பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்குப் போகும் கூட்டத்தில் கால்களைப் பாருங்கள். பாட்டிக்குக் கனத்த பழைய வெள்ளிக் காப்பு, மருமகளுக்கு மெல்லிய சங்கிலிக் கொலுசு, குழந்தைக்கு நிறைய சலங்கை.

கொலுசுக்குப் பேர்போன ஊர் பக்கத்துச் சேலம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பகுதிகளில் வீடுகளே பட்டறைகள். வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பார் ஒருவர். வளையங்களைக் கோத்துப் பற்றவைப்பார் இன்னொருவர். சலங்கை வைப்பதும் மெருகேற்றுவதும் வேறு கைகள். ஒரு சலங்கையை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள்: கடுகுபோன்ற பரல் உள்ளே ஓடும், மெல்லிய பிளவு வழியே ஒலி வெளியேறும்.

  

நம் கொலுசுக்கு நெடுங்காலக் கதை உண்டு. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல். அந்த வித்தியாசமே ஒரு வழக்கைத் தீர்த்தது. இத்தனை நுட்பமான வேலைக்கு எடைக்கு மேல் கொடுக்கும் செய்கூலியில் பேரம் பேசாமல் இருப்பதே நாம் செய்யும் மரியாதை.