பிடி விடாத கொக்கி

போல்ட் ரைஃபிளின் இயக்கம் கதவுத் தாழ்ப்பாளின் இயக்கம்தான். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான போல்ட் ரைஃபிள்களுக்கு இந்த நான்கு அசைவுகள் பொது. இந்த ரைஃபிள்களை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை விட்டுக் கிளம்பியது முதல் வெளியே விழும்வரை தோட்டா எதன் பிடியில் இருக்கிறது?

இதற்கு முழுமையான விடை சொன்னவர் ஜெர்மனியின் ஓபெர்ன்டார்ஃப் ஊரைச் சேர்ந்த பால் மவுசர். 1898இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட அவருடைய மவுசர் 98இல், போல்ட்டின் பக்கவாட்டில் நீளமான எஃகுக் கொக்கி ஒன்று உண்டு. போல்ட் சுழலும்; கொக்கி சுழலாது. மேகசினிலிருந்து எழும் தோட்டாவின் அடிவிளிம்பு நேராக அந்தக் கொக்கிக்குள் வழுக்கி ஏறும். அந்தக் கணமே பிடி விழுந்துவிடும். துப்பாக்கியைக் கவிழ்த்தாலும் தோட்டா நழுவாது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளி மறுபடி இழுத்தாலும் அதே தோட்டா வெளியே வந்துவிடும். அடுத்தது அதன் பின்னால் போய் முட்டி அடைக்காது. போல்ட்டைப் பூட்டும் புடைப்புகளான லக்குகள் முன்பக்கம் இரண்டு. அவை தவறினால் தாங்கப் பின்னால் மூன்றாவது. உறை கிழிந்து வாயு பீறிட்டால் சுடுபவரின் முகத்தில் படாமல் திருப்பிவிட போல்ட்டிலேயே துளைகள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் வீழ்த்தியதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் பரிசாகப் பெற்ற .275 ரிக்பி ரைஃபிளும் மவுசர் அமைப்பில் செய்யப்பட்டதே.

வேகத்தில் லீ-என்ஃபீல்டு முந்தும். ஜேம்ஸ் பாரிஸ் லீ லக்குகளைப் பின்பக்கம் வைத்தார். அதனால் போல்ட் ஓடும் தூரம் குறைவு. மவுசரில் கைப்பிடியை 90 பாகை தூக்க வேண்டும், இதில் சுமார் 60 போதும். ஆனால் வெடிப்பின் அழுத்தத்தில் நீண்ட போல்ட் லேசாக நெளியும் என்பதால் மிக வலுவான தோட்டாக்களுக்கு அது ஏற்றதல்ல. நம் நாட்டின் இச்சாப்பூர் தொழிற்சாலை செய்த .315 ரைஃபிள் இந்த வழியில் வந்தது.

வழவழப்புக்கு ஆஸ்திரியாவின் மான்லிஷர்-ஷோனாவர் 1903. மவுசர் மேகசினில் தோட்டாக்கள் இடமும் வலமுமாக மாறி மாறி ஏறும். ஆட்டோ ஷோனாவரின் சுழல் மேகசினில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிப் பள்ளம். ஐந்தும் ஒரே இடத்திலிருந்து மேலே வரும். அந்த போல்ட்டின் ஓட்டத்தை ஒருமுறை கையில் உணர்ந்தவருக்கு மற்றவை சற்றுச் சொரசொரப்பாகவே தோன்றும். கைப்பிடி, போல்ட்டை மேலே மூடும் பின்பாலத்தின் நடுவே புகுந்து போவதால் தொலைநோக்கி பொருத்துவது மட்டும் சிரமம்.

1962இல் வந்த ரெமிங்டன் 700 வேறு பாதை. உருளையான உடல் என்பதால் கடைசலில் துல்லியமாகவும் மலிவாகவும் செய்யலாம். போல்ட்டின் முகம் தோட்டாவின் அடிப்பகுதியை வளையமாகச் சூழ்ந்துகொள்கிறது. குறி தவறாத ரைஃபிள் என்ற பெயர் அதற்கு நியாயமாகவே கிடைத்தது. ஆனால் அதன் சிறு கொக்கி, போல்ட் மூடி முடியும் தறுவாயில்தான் விளிம்பைக் கவ்வும். அதுவரை தோட்டா தள்ளப்படுகிறதே தவிர, பிடிக்கப்படுவதில்லை.

இந்த வேறுபாட்டின் விலையை வின்செஸ்டர் மாடல் 70 காட்டியது. 1936இல் மவுசர் பாணிக் கொக்கியோடு வந்த ரைஃபிளில், செலவைக் குறைக்க 1964இல் அந்தக் கொக்கியை எடுத்தார்கள். வேட்டைக்காரர்கள் மன்னிக்கவில்லை. 1964க்கு முந்தைய மாடல் 70 என்றால் அமெரிக்காவில் தனி மதிப்பு உண்டாயிற்று. 1990களில் நிறுவனமே கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்தது.

தூரத்து மானுக்கு ரெமிங்டன் போதும். எதிர்த்து வரும் விலங்கின் முன் இரண்டாவது தோட்டாவை நம்பி நிற்பவருக்கு மவுசர்தான். லண்டன் ரிக்பி நிறுவனம் இன்றும் மவுசர் 98 அமைப்பில் வேட்டை ரைஃபிள்களைச் செய்துவருகிறது.