இரண்டு பட்டியல்கள், ஒரு பொது நெடுவரிசை

இந்தியத் தேர்தல் ஆணையம் 2025 அக்டோபர் 27 அன்று அறிவித்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் வீடு வீடாகத் தொடங்கியபோது, மயிலாப்பூர் சட்டமன்றத் தொகுதிக்குள் அடங்கும் மந்தைவெளியிலும் வாக்காளர்கள் நடப்புப் பட்டியலில் உள்ள தம் பெயரை 2002, 2005 ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியலில் உள்ள தம் பெயரோடோ, பெற்றோர் பெயரோடோ தொடர்புபடுத்திக் காட்ட வேண்டியதாயிற்று. கணினித் துறையினர் அன்றாடம் செய்துவரும் ஒரு வேலை, அதாவது இரு கோப்புகளை அவற்றுக்குப் பொதுவான ஒரு நெடுவரிசையைக் கொண்டு நிரலால் ஒப்பிடும் வேலை, இதன் வழியே வாக்குரிமையைத் தொடும் செயலாக மாறியது. அம்முறை எதைச் செய்ய வல்லது, எதைச் செய்யக் கூடாது என்று ஆராய்வதற்கு வாக்காளர் பட்டியலைவிடப் பொருத்தமான களம் வேறில்லை.

முறை எளிமையானது. ஒவ்வொரு பதிவும் ஒரு வரியாகவும், அவ்வரிக்குள் பெயர், வயது, கதவு எண் போன்ற புலங்கள் காற்புள்ளி அல்லது டேப் குறியால் பிரிக்கப்பட்டும் அமைந்த உரைக்கோப்பு பிரிப்பானிட்ட கோப்பு எனப்படும்; சி.எஸ்.வி. இவ்வகையில் மிகுதியும் வழங்குவது. முதற்கோப்பைப் படித்து, அதன் வாக்காளர் அடையாள அட்டை எண்களை ஒரு நினைவக அட்டவணையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் உள்ள எண் அதில் இருக்கிறதா என்று நிரல் பார்க்கும். ஒவ்வொரு வரிக்காகவும் மற்றக் கோப்பு முழுவதையும் தேட வேண்டியதில்லை என்பதால், இரு கோப்புகளையும் ஒரு முறை படித்து முடிக்கும் நேரமே போதும். எக்செல் தாளின் வரம்பு 10,48,576 வரிகள்தாம். திருத்தத்துக்கு முன் சென்னை மாவட்டத்தில் இருந்ததோ சுமார் 40 லட்சம் பெயர்கள். அத்தனையையும் பைத்தானில் எழுதிய சில வரி நிரல் ஒரு சாதாரண மடிக்கணினியில் சில நிமிடங்களுக்குள் ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ளவை, பழையதில் மட்டும் உள்ளவை, புதியதில் மட்டும் உள்ளவை என மூன்றாகப் பிரித்துத் தந்துவிடும். அதே நிரலை வேறொருவர் இயக்கினாலும் அதே விடை வரும் என்பது வேகத்தைவிடப் பெரிய பலம். கண்ணால் சரிபார்த்த பட்டியலுக்கு அந்த உறுதியைத் தர இயலாது.

ஆயினும் இந்த உறுதி முழுவதும் பொது நெடுவரிசையின் தகுதியைச் சார்ந்தது. அந்த நெடுவரிசை ஒருவருக்கு ஒன்றே, ஒன்று ஒருவருக்கே என்ற இரு நிபந்தனைகளையும் நிறைவேற்ற வேண்டும். வாக்காளர் அட்டை எண் இரண்டிலும் தவறியதுண்டு. பட்டியல் தரவுகள் ஈரோநெட் என்னும் தேசியத் தளத்துக்கு மாறுவதற்கு முன் சில மாநிலங்கள் ஒரே எழுத்து-எண் வரிசையைப் பயன்படுத்தியதால் வெவ்வேறு மாநில வாக்காளர்களுக்கு ஒரே எண் அமைந்துவிட்டது என்று 2025 மார்ச்சில் ஆணையமே விளக்கம் அளித்தது. மறுபுறம், மந்தைவெளியிலிருந்து அடையாற்றுக்குக் குடிபெயர்ந்து, வேளச்சேரித் தொகுதியில் புதிதாகப் பதிந்துகொண்ட ஒருவரிடம் இரண்டு எண்கள் இருக்கக்கூடும். எண்ணை வைத்து ஒப்பிடும் நிரலுக்கு அவர் இரு வேறு மனிதர். பட்டியல் பிரிக்கப்படும் பாகத்தின் எண்ணையும் அதற்குள் வரும் வரிசை எண்ணையும் கொண்டு பழைய பட்டியலை அணுகவும் வழியில்லை. 2008 ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்பு எல்லைகளை மாற்றிவிட்டதால் அவ்வெண்கள் இன்றைய எண்களோடு ஒத்துவருவதில்லை. இத்தகைய குறைகளைச் சில கருவிகள் ஓசையின்றி விழுங்கிவிடுகின்றன என்பது கவலைக்குரியது. பைத்தானின் அகராதி அமைப்பில் ஒரே எண் இருமுறை வந்தால் பிந்தியது முந்தியதை அழித்துவிடும். பாண்டாஸ் என்னும் பைத்தான் தொகுப்பின் இணைப்புக் கட்டளை எண்ணே இல்லாத வெற்றுப் புலங்களையும் ஒன்றோடொன்று பொருத்திவிடும். இணைப்பு ஒன்றுக்கு ஒன்றுதானா என்று சோதிக்கும் வசதி அதே பாண்டாஸில் இருந்தும், கேட்டாலன்றி அது செயல்படுவதில்லை.

எழுத்தின் அளவில் நேரும் பிழைகள் இன்னும் நுட்பமானவை. சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு உண்டு. '5/12' என்று எழுதப்பட்ட கதவு எண்ணைக் கொண்ட கோப்பை இந்தியத் தேதி அமைப்புள்ள எக்செல்லில் திறந்தால் அது டிசம்பர் 5 என்னும் தேதியாகிவிடுகிறது, அப்படியே சேமித்தால் வீடு காணாமற்போகிறது. '5/12, மூன்றாவது டிரஸ்ட் குறுக்குத் தெரு, மந்தைவெளிப்பாக்கம்' என்ற முகவரியில் உள்ள காற்புள்ளிகள் மேற்கோள் குறிக்குள் அடைக்கப்படாவிட்டால், ஒரு புலம் மூன்றாகப் பிளந்து, அதற்கு அடுத்துள்ள புலங்களெல்லாம் வலப்பக்கம் நகர்ந்துவிடும். தமிழ்ப் பெயர்களில் சிக்கல் கண்ணுக்கே தெரிவதில்லை. 'கோமதி' என்ற பெயரின் முதலெழுத்தை ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் சேமிக்கலாம், ககரத்தோடு ஏகாரக் குறியையும் ஆகாரக் குறியையும் தனித்தனியே சேர்த்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்ற, நிரல் அவற்றை வெவ்வேறு பெயர்களாகக் கொள்கிறது. ஒப்பீட்டுக்கு முன் யூனிகோடு இயல்பாக்கம் செய்தால் இது தீரும். ஆனால் இருவகைக் குறியேற்றம் உள்ள 'ஸ்ரீ'யை அந்த இயல்பாக்கமும் ஒன்றாக்குவதில்லை. சுப்பிரமணியன், சுப்ரமணியம், சுப்பிரமணி என்று ஒரே மனிதரின் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடும்போதோ எந்த இயல்பாக்கமும் உதவாது.

எண் கைவிடும் இடத்தில் பெயர், தந்தை பெயர், வயது ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கூட்டுத் திறவுகோலாகக் கொள்ளும் வழக்கம் அதனால்தான் மிகுந்த எச்சரிக்கைக்குரியது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் நடத்திய கிராஸ்செக் திட்டம் முதற்பெயர், குடும்பப்பெயர், பிறந்த தேதி ஆகிய மூன்றும் ஒத்தவர்களை இரு மாநிலங்களில் பதிந்தவர்களாக ஐயுற்றது. மக்கள்தொகை பெரிதாக இருக்கும்போது பெயரும் பிறந்தநாளும் தற்செயலாக ஒத்துவரும் இருவர் ஏராளமாகக் கிடைப்பர் என்பது நிகழ்தகவின் விதி. அத்திட்டம் பரிந்துரைத்த நீக்கல் முறைகளுள் ஒன்றைப் பின்பற்றினால், தடுக்கப்படும் ஒவ்வோர் இரட்டை வாக்குக்கும் ஏறத்தாழ 300 முறையான வாக்குகள் தடைப்படும் என்று 2020 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் வெளியிடப்படும் பட்டியலில் பிறந்த தேதிகூட இராது, வயது மட்டுமே இருக்கும். குடும்பப்பெயர் வழக்கமின்றித் தலைப்பெழுத்தோடு நிற்கும் தமிழ்ப் பெயர்களுக்கு, அதிலும் ஒரே தெய்வத்தின் பெயரைத் தெருவுக்குப் பலர் தாங்கும் மயிலாப்பூர் போன்ற பகுதிக்கு, இத்திறவுகோல் மேலும் வலுவிழந்தது.

2025 டிசம்பர் 19 அன்று வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியல் முறையின் எல்லையைத் தெளிவாகக் காட்டுகிறது. 6.41 கோடியாக இருந்த பெயர்கள் 5.43 கோடியாகக் குறைந்தன; விடுபட்ட சுமார் 97 லட்சத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம், இடம் பெயர்ந்தோரும் முகவரியில் இல்லாதோரும் சுமார் 66 லட்சம், இரட்டைப் பதிவுகள் 3.4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இவற்றுள் பட்டியலோடு பட்டியலை ஒப்பிட்டே ஐயுறத்தக்கது கடைசி வகை மட்டுமே. இறப்பைக் கண்டறிய இறப்புப் பதிவேடு வேண்டும். குடிபெயர்ந்தாரா, அல்லது வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்த நேரத்தில் வீடு பூட்டியிருந்ததா என்பதை அறியக் கதவைத் தட்டுவதன்றி வேறு வழியில்லை. பொருந்தாத வரி என்பது இரு கோப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டின் அறிவிப்பு மட்டுமே. அதை ஆள் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது முறையின் குற்றமாகாது, அதைப் பயன்படுத்துவோரின் குற்றமாகும். இடம் பெயர்ந்துவிட்டார் என்று ஒருவர் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1950 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு கூறுவதும் இதே கருத்தின்மேல் நிற்பதுதான்.

இவ்வளவு குறைகள் இருந்தும் இம்முறை கைவிடத்தக்கதன்று. மாறாக, அது ஒரு தரப்பிடம் மட்டும் இருப்பதே பெருங்குறை. ஆணையத்திடம் தேடத்தக்க தரவுத்தளம் இருக்க, பொதுமக்களுக்குக் கிடைப்பது பக்கங்களின் படங்கள் அடங்கிய பி.டி.எஃப். கோப்புகள். தேடத்தக்க உரைவடிவில் பட்டியலைத் தர வேண்டும் என்ற கோரிக்கையை 2018 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் கமல்நாத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தனிநபர் தகவல் திரட்டப்படும் என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் பீகாரில் நடந்த இதே திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பேரின் பெயர்களைக் காரணத்தோடும், அட்டை எண்ணைக் கொண்டு தேடும் வசதியோடும் வெளியிடுமாறு 2025 ஆகஸ்ட் 14 அன்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது, முழுப் பட்டியலையும் திறந்துவிடாமலே நீக்கங்களைச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்பதைக் காட்டுகிறது. அதை அடுத்து ஒவ்வொரு பாகத்துக்கும் சேர்க்கை, நீக்கம் இரண்டையும் எண்ணும் காரணமும் மட்டும் கொண்ட சி.எஸ்.வி. கோப்பாக வெளியிடுவது ஆணையத்துக்குப் புதிய உழைப்பைத் தராது. தன் தெருவின் பட்டியலைச் சரிபார்க்க விரும்பும் மந்தைவெளிக் குடியிருப்போர் சங்கமோ, படத்தைப் பார்த்துப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, அந்தத் தட்டச்சுப் பிழைகளையும் சேர்த்து ஒப்பிட வேண்டிய நிலையிலேயே இருக்கிறது.